கையெழுத்துக்கு முன்னால் பத்து நிமிடம்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் ஒன்பது வருடம் டைப் அடித்தேன். கிரயம், அடமானம், செட்டில்மென்ட் என்று எல்லாம் வரும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு என் விரல் அடிக்கும் பத்திரம், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம்தான். அப்பா இறந்திருப்பார். வாரிசுச் சான்று வந்ததும் அக்கா தங்கைகளைக் காரில் கூட்டிவந்து அண்ணன் தம்பிகள் எழுதி வாங்குவார்கள். ‘என் திருமணத்தின்போது நகையாகவும் சீர்வரிசையாகவும் பெற்றுக்கொண்டுவிட்டபடியால், எனக்குள்ள பிரிபடாத பாத்தியதையை விட்டுக்கொடுத்துவிட்டேன்’ என்ற வரியை எத்தனை முறை அடித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு பெண்ணிடமாவது “உங்க பங்கு எவ்வளவுன்னு தெரியுமா?” என்று நான் கேட்டதில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

ஒருநாள் ஒரு அம்மாவின் கைரேகையை மெஷின் எடுக்கவில்லை. களையெடுத்து எடுத்து ரேகையே தேய்ந்துபோயிருந்தது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்ததில் நாலாவது தடவைதான் பதிந்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, இனிமே அந்தக் கொல்லைக்குள்ள நான் போகக் கூடாதா?” எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதற்கப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். நான் சொல்வது இந்து வாரிசுரிமைச் சட்டத்தை. மற்ற மதத்தவருக்கு வேறு சட்டங்கள் உண்டு. பூர்வீகச் சொத்து நாலு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். தாய் இல்லை, ஒரு மகன், ஒரு மகள். 1956 சட்டப்படி மகன் பிறந்ததுமே கூட்டுக் குடும்பத்தின் பங்காளி. அதனால் அப்பாவுக்கு இரண்டு, மகனுக்கு இரண்டு. அப்பா இறந்தால் அவருடைய இரண்டில் மட்டும்தான் மகளுக்குப் பாதி. கடைசியில் மகனுக்கு மூன்று ஏக்கர், மகளுக்கு ஒன்று. 1989-இல் தமிழ்நாடு இதைத் திருத்தி மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமசொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்ட மண் இது. அந்தத் தீர்மானம் சட்டமாவதற்கு அறுபது வருடம் ஆனது.

அதிலும் ஒரு குறை இருந்தது. 1989 மார்ச் 25-க்கு முன்பு கல்யாணம் ஆனவர்களுக்கு அந்த உரிமை இல்லை. ஒரே வீட்டில் 1987-இல் கட்டிக்கொடுத்த அக்காவுக்குப் பிறப்பால் பங்கில்லை, 1990-இல் கட்டிக்கொடுத்த தங்கைக்கு உண்டு. இப்படி இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். 2005 செப்டம்பர் 9-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்தத் தேதியைத் தூக்கியது. கல்யாணம் எப்போது ஆகியிருந்தாலும் மகள் மகள்தான். நாலு ஏக்கரில் ஆளுக்கு இரண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பு முறையாகப் பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைத் தொட முடியாது. சட்டம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று வந்த குழப்பத்தையும், வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

டெல்லியில் இவ்வளவு தூரம் போராடி வாங்கிய உரிமை, எங்கள் தெருவில் முக்கால் மணி நேரத்தில் கைமாறிவிடுகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பெண்கள் கையில் இருந்த சாகுபடி நிலக் கணக்குகள் சுமார் 14 சதவீதம்தான். அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு நான் அடித்த பத்திரங்கள்தான் ஞாபகம் வந்தன.

இப்போது சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். விடுதலைப் பத்திரம் எழுதப் போகும் பெண்ணோடு, கூட யாரும் இல்லாமல், பத்து நிமிடம் பேசுகிறேன். எத்தனை ஏக்கர், அதற்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு என்ன, கையெழுத்துப் போட்டுவிட்டால் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்வேன். அவ்வளவுதான். பாதிப் பேர் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார்கள். “நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா பொறந்த வீட்டுக் கதவு திறக்கணும்ல” என்பார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்து கொடுப்பது அவர்கள் உரிமை. தெரியாமல் கொடுக்க வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு. நல்ல காரியம். அதே போல, விட்டுக்கொடுக்கும் பங்கின் அளவையும் மதிப்பையும் பத்திரத்திலேயே எழுதி, பதிவுக்கு முன் அந்தப் பெண்ணுக்குத் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஒரு விதி வர வேண்டும். அதற்காகத்தான் போகிற கூட்டத்திலெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் ஒரு தங்கை, பத்து நிமிடம் முடிந்ததும், “வாய்க்காலை ஒட்டின அரை ஏக்கர் மட்டும் எனக்கு இருக்கட்டும்” என்றார். அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் பேச்சே இல்லை. அப்புறம் அவராகவே வந்து, விடுதலை வேண்டாம், பாகப்பிரிவினையாகவே எழுதுங்கள் என்றார். பத்திரத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அண்ணனுடைய சொத்து விவரம் எழுதிய ஷெட்யூலில் நான்குமால், அதாவது நிலத்தின் நாலு பக்க எல்லை, வந்தது. ‘தங்கை பாக நிலத்துக்கும் தெற்கு’ என்று வாசித்ததும், தங்கை என்னை நிறுத்தி அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.