அடிடாஸ் கம்போங்

ஜூன் 3, செந்தூல்
தஹான் மலை ஏறப் பெயர் கொடுத்தாகிவிட்டது. 2,187 மீட்டர், மலேசியத் தீபகற்பத்தில் இதைவிட உயரம் கிடையாது. இன்று பத்துமலையின் 272 படிகளைப் பன்னிரண்டு கிலோ பையோடு நான்கு முறை ஏறி இறங்கினேன். பூ விற்கும் அக்கா, “என்ன தம்பி, நேர்த்திக்கடனா?” என்றார். தலையாட்டிவிட்டேன். விளக்கம் சொல்ல மூச்சில்லை.

ஜூன் 9
கறுப்பு ரப்பர் சப்பாத்து வாங்கினேன். ‘அடிடாஸ் கம்போங்’, அதாவது கிராமத்து அடிடாஸ் என்போமே, அதுதான். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இதப் போட்டுக்கிட்டுத்தான்டா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினேன். நீ காசு குடுத்துக் காட்டுக்குப் போறியா?” அப்புறம், அட்டை கடிக்காமலிருக்கப் புகையிலைத் தண்ணீரைக் காலுறையில் தடவச் சொன்னார்.

ஜூன் 20, மெராப்போ
தாமான் நெகாரா தேசியப் பூங்கா நுழைவிடத்தில் பையைக் கொட்டச் சொல்லி, மெகி பொட்டலம், பேட்டரி, மிட்டாய் என ஒவ்வொன்றாக எண்ணி எழுதினார்கள். குப்பையைக் காட்டில் விட்டுவரக் கூடாதாம்; திரும்பும்போது கணக்கு உதைக்கக் கூடாது.

ஜூன் 21
ஆறு, மேடு, மறுபடி ஆறு. நண்பனின் விலையுயர்ந்த பூட்ஸ் தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. என் சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தால் போதும். ஆனால் குதிகால் உரிந்துவிட்டது. வழிகாட்டி அவ்வப்போது “போலே தஹான்?” என்கிறார். தாங்குமா என்று கேட்கிறாரா, மலையின் பெயரை வைத்துக் கிண்டலா, தெரியவில்லை.

ஜூன் 22
போன்சாய் முகாமுக்கு மேலே மரங்கள் இடுப்பளவுதான். பாசிக்கு நடுவே ஒரு குடுவைச் செடி; மூடிக்குக் கீழே இருந்த நீரில் இரண்டு எறும்புகள் மிதந்தன. உச்சியில் மூடுபனி. பகாங் எந்தப் பக்கம், கிளந்தான் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. 1905இல் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ராபின்சன் நடத்திய பயணத்தில்தான் முதன்முதலாக இங்கே ஏறினார்கள். முதலில் உச்சியைத் தொட்டவர்கள் நான்கு மலாய்க்காரர்கள். பாதையே இல்லாத காலம். நாங்களோ காப்பி கலக்கிக் குடித்துவிட்டு இறங்கினோம்.

ஜூன் 24
கணக்கில் ஒரு பிளாஸ்டிக் உறை குறைந்தது. பையை மூன்று முறை கொட்டியாயிற்று. கடைசியில்தான் நினைவு வந்தது: குதிகால் உரசாமலிருக்க ரொட்டி உறையைச் சப்பாத்துக்குள் மடித்து வைத்திருந்தேன். அந்த நாற்றத்தோடு அதை நீட்டினேன். அதிகாரி கையில் வாங்கவில்லை. எட்ட நின்றே டிக் போட்டார்.

இரவு செந்தூல் வந்ததும் சப்பாத்தை வாசலில் விட்டேன். அம்மா எட்டிப் பார்த்தார். “கவுத்து வைடா. பூரான் ஏறும்.”