இத்தாலிய ஒயினை எங்கிருந்து தொடங்குவது?

இத்தாலிய ஒயின் பற்றி யார் வகுப்பெடுத்தாலும் முதலில் அரசு விதிகளின்படி ஒயினைத் தரவாரியாக அடுக்கும் அந்தப் பிரமிட் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். அடியில் சாதாரண டேபிள் ஒயின், மேலே போகப் போக எந்த ஊர், எந்தத் திராட்சை என்ற விதிகள் இறுகிக்கொண்டே போகும் ஐஜிடி, டிஓசி, உச்சியில் டிஓசிஜி என்ற முத்திரைகள். குடிக்க வந்தவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டஸ்கனி மாநிலத்தின் பொல்கேரியில் விளையும் சஸ்ஸிகாயா என்ற ஒயின் 1968 அறுவடையோடு விற்பனைக்கு வந்தது, சீக்கிரமே உலகப்புகழ் பெற்றது, ஆனாலும் 1994 வரைக்கும் அது அந்த அடித்தட்டில்தான் இருந்தது, ஏனென்றால் கபர்நே திராட்சையில் செய்த சிவப்பு ஒயினுக்கு அந்த ஊர் விதிகளில் இடமே இல்லை. ருசியைப் பற்றி அந்தப் படம் சொல்வது அவ்வளவுதான்.

இத்தாலியில் 20 மாநிலங்கள், எல்லாவற்றிலும் ஒயின், அந்த மண்ணுக்கே உரிய திராட்சை ரகங்கள் மட்டும் சில நூறு. இதைக் கேட்டு மிரண்டுபோய்த்தான் பல உணவகங்கள் கியாந்தி, ப்ரொசெக்கோ, பினோ கிரிஜியோ என்று மூன்று பெயரோடு பட்டியலை முடித்துக்கொள்கின்றன. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

நான் செய்வது இதுதான்: ஒரே ரகம், இரண்டு ஊர், இரண்டு கிளாஸ். நெப்பியோலோ என்ற சிவப்பு ஒயின் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். பியெமோந்தே மாநிலத்தில் பரோலோ ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளைந்தது ஒன்று. குறைந்தது 38 மாதம் வைத்திருந்து, அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் கிடந்த பிறகுதான் பரோலோ என்ற பெயரில் வெளியே வரும். நிறத்தைப் பார்த்தால் லேசாக, ஓரத்தில் செங்கல் சாயலோடு, ரொம்ப மென்மையான ஒயின் போலத் தெரியும், ரோஜா வாசனை வரும், ஆனால் வாயில் வைத்ததும் துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுக்கும். அப்புறம் வால்தெல்லினா. சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஆல்ப்ஸ் சரிவில், சாந்து பூசாத கல்சுவர் கட்டி அடுக்கிய படித்தோட்டங்கள். எந்திரம் ஏற வழியில்லாததால் பெரும்பாலும் கைவேலைதான். அதே நெப்பியோலோ இங்கே இன்னும் மெலிந்து, புளிப்பு தூக்கலாக, மலைக்காற்று பட்ட மாதிரி இருக்கும். இரண்டையும் மாறி மாறிக் குடித்தவருக்கு, ஊர் மாறினால் என்ன மாறும் என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

குழப்பம் இருக்கும் இடத்தை மறைக்கவும் கூடாது. மோந்தெபுல்சியானோ தாப்ருட்ஸோ என்றால் மோந்தெபுல்சியானோ திராட்சை, அப்ருட்ஸோ மாநிலம். வினோ நோபிலே தி மோந்தெபுல்சியானோ என்றால் அதே பெயருள்ள டஸ்கனி ஊர், ஆனால் திராட்சை பெரும்பாலும் சாஞ்சியோவேஸே. இதை நேராகச் சொல்லிவிட்டால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

லேபிளின் பின்பக்கத்தில் செர்ரி, வயலெட், மசாலா என்று எழுதுவதையும் நிறுத்தலாம், எந்த பாட்டிலுக்கும் பொருந்துகிற வரி அது. அதற்குப் பதில் எதோடு சாப்பிடுவது என்று எழுதுங்கள். லம்ப்ருஸ்கோ என்ற நுரைக்கும் ஒயின் என்றாலே இனிப்பு சோடா என்று நினைப்பவர்கள் மோதெனா நகரப் பக்கத்து சொர்பாரா வகை லம்ப்ருஸ்கோவைக் குடித்துப் பார்க்க வேண்டும்: வெளிர் ரோஜா நிறம், நுரை, பளிச்சென்ற புளிப்பு, இனிப்பே இல்லாமலும் கிடைக்கும். அந்த ஊர்க்காரர்கள் தினமும் தின்கிற மோர்தடெல்லா என்ற பன்றிக்கறி சாசேஜ், பன்றித் தொடைக்கறி ஆகியவற்றின் கொழுப்பை அது அப்படியே வழித்துவிடும்.

பட்டியலில் பினோ கிரிஜியோவைத் தேடுகிறவருக்கு மார்க்கே மாநிலத்தின் வெர்திக்கியோ என்ற வெள்ளை ஒயினில் ஒரு வாய் ஊற்றிக் கொடுங்கள். விலை பெரிதாக ஏறிவிடாது, மீனுக்கு அருமையாகப் போகும், கடைசியில் லேசாக ஒரு பாதாம் கசப்பு நிற்கும்.