இருக்கிற ஃபைலை இல்லை என்ற மெஷின்

மண்டபம் பக்கம் ஒரு சின்ன லேபில், பாக் விரிகுடா கடற்புல் படங்களை அலச ஜிடால் (வரைபட, செயற்கைக்கோள் படங்களைக் கையாளும் சாஃப்ட்வேர்) வேண்டும் என்றார்கள். ஒரே சர்வர், எல்லா மெஷினுக்கும் என்எஃப்எஸ் ஷேர், அதாவது சர்வரில் இருக்கும் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக எல்லாரும் சொந்த ஃபோல்டர் போலப் பயன்படுத்தலாம். ஒரு மெஷினில் கம்பைல் செய்து (சோர்ஸ் கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றி) ஷேரில் இன்ஸ்டால் செய்ததும் அடுத்த மெஷினில் டெஸ்ட் ஓட வேண்டும், ஸ்கிரிப்ட் அப்படி. இங்கே இன்ஸ்டால் முடிந்தது என்று வரும், அங்கே 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. டீ குடித்துவிட்டு வந்து ஓட்டினால் அதே டெஸ்ட் பாஸ்!

உப்புக்காற்றில் கனெக்டரில் களிம்பு ஏறுகிற ஊர் என்பதால் எல்லாரும் கேபிளைத்தான் சந்தேகப்பட்டார்கள். மாற்றியும் பார்த்தோம், நெட்வொர்க் இணைப்பைச் சோதிக்கும் பிங் சுத்தமாக இருந்தது. கடைசியில் கீழக்கரை காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள்) ஒருவர், சர்வர் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர், போனில் கேட்டார்: "தம்பி, அந்த மெஷின் சர்வர்கிட்ட கேட்டுச்சான்னு பாத்தீங்களா?"

கேட்கவில்லை. டெஸ்ட் மெஷின் அந்த ஃபைலை முன்பே ஒருமுறை தேடி, 'இல்லை' என்ற பதிலை கேஷில், அதாவது தன் தற்காலிக நினைவில், வைத்துக்கொண்டது. ஃபோல்டர் விவரம் காலாவதியாகும் வரை அதையே திருப்பிச் சொல்லும். லினக்ஸில் வழக்கமான அமைப்பில் அது 30 முதல் 60 நொடி. கேஷையே அணைக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் சர்வருக்கு ஓடி ஷேரே நொண்டும். ஷேரை மெஷினில் இணைக்கும் மவுண்ட் ஆப்ஷனில் 'லுக்அப்கேஷ்=பாசிடிவ்' என்று போட்டோம்; 'இருக்கிறது' என்பதை மட்டும் நினைவில் வைக்கும், 'இல்லை' என்பதை வைக்காது. எரர் நின்றது. மவுண்டைத் தொட அனுமதி இல்லாதவர்கள் டெஸ்டுக்கு முன் அந்த ஃபோல்டரில் ஒரு எல்எஸ் (ஃபைல்களைப் பட்டியலிடும் கட்டளை) போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். ஸ்கிரிப்டில் 'ஸ்லீப் 60' போட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வைப்பதும் நடக்கும், எனக்குப் பிடிக்காது.

கம்பைல் ஆமை வேகத்தில் போனது தனிக்கதை. ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள், ஒவ்வொன்றையும் மூடும்போது டேட்டா சர்வருக்குப் போயாக வேண்டும், சிங்க் முறை என்றால் சர்வரும் டிஸ்கில் எழுதிய பிறகுதான் பதில் தரும். அதனால் இப்போது கம்பைல் எல்லாம் லோக்கல் டிஸ்கில், முடிந்த பிறகு இன்ஸ்டால் மட்டும் ஷேருக்கு.

அப்புறம் ஒன்று, பழைய வெர்ஷனை அழிக்கும்போது புள்ளியும் என்எஃப்எஸ்ஸும் சேர்ந்து தொடங்கும் விநோதப் பெயரில் ஃபைல்கள் முளைத்து 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது, அதை மூடினால் தானாகவே போய்விடும்.