தாழ்வாரத்தில் உருளும் பந்து

சென்ற மாத இறுதியில் எங்கள் கிளப்பில், வலிமை குறைந்தவருக்கு முன்கூட்டியே புள்ளி கொடுத்து ஆடும் ஹேண்டிகேப் போட்டியின் காலிறுதியில் நான் தோற்றுப்போனேன். அந்தத் தோல்வியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்றாலும், அது எந்த ஆட்டம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டென்னிஸ் என்றவுடன் நம் கண்முன் வருகிற புல்தரையும் வெள்ளைக் கோடுகளும் இதில் கிடையாது. 1874-இல் வால்டர் விங்ஃபீல்டு என்னும் பிரிட்டிஷ்காரர் புல்வெளியில் ஆடும் ஆட்டத்துக்குக் காப்புரிமை பெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே, நான்கு சுவர்களுக்குள் ஆடப்பட்டுவந்த பழைய டென்னிஸ் ஒன்று உண்டு. பிரான்சில் அதற்கு ‘ஜு டி போம்’ என்று பெயர். இங்கிலாந்தில் ‘ரியல் டென்னிஸ்’ என்கிறார்கள். நான் வசிக்கும் அமெரிக்காவில் ‘கோர்ட் டென்னிஸ்’. பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளையும் சேர்த்து உலகில் இன்று சுமார் ஐம்பது ஆடுகளங்களே பயன்பாட்டில் இருக்கின்றன.

அவற்றுள் ஒன்று ரோட் ஐலண்டு மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் இருக்கிறது. 1880-இல் எழுந்த நியூபோர்ட் கசினோ வளாகத்தின் ஒரு பகுதியாகிய அந்த ஆடுகளம் நெடுங்காலம் ஆட்டமின்றிக் கிடந்து, 1980-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதே வளாகத்தில்தான் சர்வதேச டென்னிஸ் புகழரங்கத்தின் அருங்காட்சியகமும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்த நான், ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து மரத்தின்மேல் ஏதோ உருள்கிற ஓசையைக் கேட்டு உள்ளே நுழைந்து, வலைக்குப் பின்னே போடப்பட்டிருந்த நீண்ட இருக்கையில் உட்கார்ந்தவன், அருங்காட்சியகத்தை மூடும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை.

என்னை அங்கே உட்காரவைத்தது அந்த ஓசைதான். ஆடுகளத்தின் மூன்று சுவர்களை ஒட்டிச் சாய்வான மரக்கூரை ஓடுகிறது. முற்றம் வைத்துக் கட்டிய நம் ஊர் வீடுகளில் முற்றத்தைச் சுற்றி இறங்கும் தாழ்வாரத்தை நினைத்துக்கொண்டால் போதும். சர்வீஸ் போடுகிறவர் தமக்கு இடப்புறமுள்ள அந்தக் கூரையின்மேல் பந்தை ஏற்றிவிட வேண்டும். அது கூரையில் ஓடி, எதிராளியின் பக்கத்தில் சரிந்து விழ வேண்டும். சிறுவயதில் கோடை விடுமுறை முழுவதும் ஓட்டுக் கூரையின்மேல் ரப்பர் பந்தை எறிந்து, அது எந்த ஓட்டு வரிசை வழியாக இறங்கும் என்று கணித்து, இறவாணத்தின் அடியில் கையேந்தி நின்றவன் நான். முப்பது ஆண்டுகள் கழித்து, பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பெரியவர்கள் வெள்ளை உடை உடுத்தி அதையே செய்வதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை அளவிட்டுச் சொல்ல முடியாது.

கூரையில் பந்தை விடும் முறைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. உயரமாக எழும்பி இறங்குவது ஜிராஃப். கூரையின்மேல் சுழன்றுகொண்டே போய், விழுந்தவுடன் சுவர்ப்பக்கமாக உள்ளே திரும்பி வருவது ரெயில்ரோடு. சர்வீஸ் எப்போதும் ஒரே முனையிலிருந்துதான் போடப்படும். அந்த முனைக்குச் சர்வீஸ் பக்கம் என்றும், எதிர் முனைக்கு ஹசார்ட் பக்கம் என்றும் பெயர். சர்வீஸ் போடுகிறவரின் முதுகுக்குப் பின்னே, நான் அன்று உட்கார்ந்திருந்த டெடான் என்னும் அகன்ற திறப்பு இருக்கிறது. எதிர் முனையின் மூலையில் கிரில் என்னும் சதுரத் திறப்பு. இவற்றுள் பந்து புகுந்துவிட்டால் புள்ளி கிடைத்துவிடும். இரண்டு ஆடுகளங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், வெளியூர்க் கிளப்புக்கு ஆடப்போகிறவர் முதல் அரைமணி நேரம் அந்த ஊர்ச் சுவர்களோடு பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த ஆட்டத்தின் உயிர் ‘சேஸ்’ என்னும் விதியில் இருக்கிறது. சர்வீஸ் பக்கத்தில் பந்து இரண்டாம் முறை தரையில் பட்டுவிட்டால் உடனே புள்ளி போய்விடுவதில்லை. அது பட்ட இடம் பின்சுவரிலிருந்து எத்தனை கெஜம் என்று, மார்க்கர் எனப்படும் நடுவர் உரக்கச் சொல்லி, அந்தப் புள்ளியை நிறுத்திவைக்கிறார். இரண்டு சேஸ்கள் சேர்ந்தாலோ, ஒரு சேஸ் இருக்கும்போது எவராவது ஆட்டத்தை (கேமை) வெல்ல ஒரு புள்ளி தூரத்துக்கு வந்துவிட்டாலோ, இருவரும் முனை மாறிக்கொண்டு, நிறுத்திவைத்த புள்ளியை ஆடித் தீர்க்கிறார்கள். அப்போது எதிராளி தம் பந்தின் இரண்டாம் துள்ளல் முந்தைய இடத்தைவிடப் பின்சுவருக்கு நெருக்கமாக விழும்படி அடித்தாக வேண்டும். சேஸைக் காத்து நிற்பவருக்கோ, வரும் பந்தை அடிப்பதா, அது தூரத்தில்தான் விழும் என்று நம்பி விட்டுவிடுவதா என்று ஒரு நொடிக்குள் முடிவு செய்ய வேண்டிய நிலை. சர்வீஸ் பக்கத்துக்குப் போகவும் சேஸ் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே கைவேகம் குறைந்தவர்களும் கணிப்பால் வெல்ல முடிகிறது; எழுபது வயதைத் தாண்டியவர்கள் போட்டிகளில் பெயர் கொடுப்பதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் ஹேண்டிகேப். கிளப்பில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவும் பதிவாகி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கணக்கிடப்படுகிறது. எண் குறையக் குறையத் திறமை அதிகம். தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களின் எண் பூஜ்யத்துக்கும் கீழே போகும். நான் மெல்போர்னுக்குப் போனாலும் இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட்டுக்குப் போனாலும் என் எண் என்னோடு வரும். அதை வைத்து, முன்பின் அறியாத ஒருவரோடு சமநிலையில் ஆட்டம் தொடங்கிவிடலாம். இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப, வலிமை குறைந்தவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் 15 அல்லது 30 என்று முன்கூட்டியே பெற்றுத் தொடங்குவார்; அல்லது வலிமை மிகுந்தவர் கடனோடு தொடங்குவார். பழங்காலத்தில் ‘பிஸ்க்’ என்றொரு வழக்கமும் இருந்தது: செட்டின் எந்தக் கட்டத்திலும், தான் விரும்பும் நேரத்தில் ஒரு புள்ளியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை அது. வலிமை மிகுந்தவர் திறப்புகளுக்குள் அடிக்கவே கூடாது என்று தடை விதித்து ஆடும் முறையும் உண்டு.

இதைச் சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆடுகளங்களே உள்ள நாட்டில், சமபலமுள்ள எதிராளி வேண்டுமென்று காத்திருந்தால் ஆண்டுக்குப் பத்து ஆட்டம்கூட ஆட முடியாது. பதினைந்து வயது மாணவனும், அறுவை சிகிச்சையிலிருந்து தேறிய மருத்துவரும், சென்ற வாரம் மட்டையைப் பிடித்த புதியவரும் ஒரே அட்டவணையில் நின்று, ஒருவரையொருவர் உண்மையாகவே வெல்ல முயல்வதற்கு ஹேண்டிகேப்பே வழி செய்கிறது. இந்த ஆட்டம் இத்தனை நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு, இதை வளர்த்த அரண்மனைகளைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அந்தக் காலிறுதி. எதிராளி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என் தாயாரைவிட இரண்டு வயது இளையவர். ஒற்றைப்படை ஆட்டங்களில் எனக்கு 15, இரட்டைப்படை ஆட்டங்களில் 30 என்று கணக்கு. செட்டில் ஆட்டக் கணக்கு ஐந்துக்கு ஐந்து என்று சமமானது. இந்த டென்னிஸில் அதற்குப் பிறகு ஒரே ஓர் ஆட்டந்தான். அதை வென்றவருக்கே செட். பதினோராவது ஆட்டமாகையால் 15 பெற்றுத் தொடங்கிய நான் 40-30 என்று முன்னேறினேன். சர்வீஸ் பக்கத்தில் நின்றேன். அவர் மட்டையைச் சாய்த்து வெட்டிய பந்து தரையில் ஒருமுறை பட்டு, பின்சுவரில் மோதி, எழும்பாமல் வழுக்கி விழுந்தது. நான் குனிவதற்குள் இரண்டாம் துள்ளல் முடிந்துவிட்டது. “சேஸ், ஒரு கெஜம்” என்றார் மார்க்கர்.

முனை மாறினோம். வலைக்கம்பத்தருகே என்னைக் கடக்கும்போது அவர் தலையசைத்தார், நானும் அசைத்தேன். அவருடைய சர்வீஸ் கூரையில் நிதானமாக ஓடி இறங்கியது. நான் அடித்த பந்து வலையை உரசாமல் தாழப் போய்ப் பின்மூலையை நோக்கி இறங்கியது. அவர் மட்டையை உயர்த்தி, பிறகு தாழ்த்திக்கொண்டார். பந்தை விட்டுவிட்டார். அது சுவரைத் தொட்டுத் திரும்பி, ஒரு கெஜக் கோட்டின்மேல் விழுந்ததை நானும் பார்த்தேன், டெடானில் இருந்தவர்களும் பார்த்தார்கள். “சேஸ் ஆஃப்.” இருவருக்கும் புள்ளியில்லை. அடுத்த பந்தைக் கிரிலுக்குள் செலுத்திச் சமன் செய்தார். அதற்கடுத்த இரண்டு புள்ளிகளும் அவருக்கே போயின. ஒரு கெஜக் கோட்டில் அந்தப் பந்தை விட்டுவிடத் துணிந்ததுதான் அன்று நான் கண்ட மிகச் சிறந்த ஆட்டம்.

பணத்துக்காக ஆடாதவரைக் குறிக்கும் அமெச்சூர் என்னும் சொல்லுக்கு இந்த ஆட்டத்தில் தனி மதிப்பு உண்டு. நியூஜெர்சி மாநிலம் லேக்வுட்டில் தந்தையின் மாளிகையிலிருந்த ஆடுகளத்தில் பயின்ற ஜே கூல்டு, 1906 முதல் 1925 வரை நடந்த அமெரிக்க அமெச்சூர் ஒற்றையர் போட்டிகளில் பதினெட்டு முறை பட்டம் வென்றார். இந்த ஆட்டம் பதக்கத்துக்குரியதாக இடம்பெற்ற ஒரே ஒலிம்பிக்கான 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றார். 1914-இல், அமெச்சூராக இருந்துகொண்டே, தொழில்முறை வீரரான ஃப்ரெட் கோவியைத் தோற்கடித்து உலகப் பட்டத்தையும் கைப்பற்றினார். இன்று உலகமே பார்க்கும் டென்னிஸுக்கு, சமநிலையிலுள்ள செட்டைத் தீர்க்கும் டை-பிரேக்கரை வகுத்துக் கொடுத்த ஜிம்மி வான் ஆலனும் எங்கள் ஆட்டத்தில் மூன்று முறை அமெரிக்க அமெச்சூர் பட்டம் வென்றவர்தான்.

ஆனால் பெரிய மாளிகைகளிலும் செல்வர்களின் கிளப்புகளிலும் வளர்ந்த ஆட்டம் என்பதன் சுமையும் இதன்மேல் இருக்கிறது. பெண்களை இன்றும் உறுப்பினராக ஏற்காத மூத்த கிளப் ஒன்று இந்நாட்டில் உள்ளது. என்னைத் தோற்கடித்த ஆசிரியைக்கு அங்கே உறுப்பினராக முடியாது என்பதை நினைக்கையில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது. ஆடுகளங்கள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, எவருக்கும் கதவை மூடுவது ஆட்டத்துக்கே செய்யும் கேடு.

கிளப் வாழ்க்கை என்று நான் நினைவில் வைத்திருப்பது விருந்துகளை அல்ல, பயிற்சியாளரின் அறையை. பந்துகள் இன்றும் கையால்தான் செய்யப்படுகின்றன. நொறுக்கிய தக்கையை உருட்டி, அதன்மேல் பருத்தி நாடாவை இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டி, தட்டி உருண்டையாக்கி, கம்பளித் துணியை மேலே போர்த்தித் தைக்க வேண்டும். துணி தேயத் தேயப் பிரித்து மறுபடியும் தைக்க வேண்டும் என்பதால் அந்த அறையில் ஊசி ஓய்வதேயில்லை. குளிர்கால மாலைகளில் நான் அங்கே உட்கார்ந்து நாடா சுற்றக் கற்றுக்கொண்டேன். ஓரிடத்தில் தளர்ந்தாலும் பந்து கோணித் துள்ளும் என்பதைச் சொல்லாமல், நான் சுற்றிய பந்தைத் தரையில் போட்டே காட்டினார் பயிற்சியாளர். கட்டைவிரல் நகக்கண்ணில் மூன்று நாள் வலி இருந்தது. நான் கட்டிய பந்துகளில் இரண்டு இப்போது ஆட்டக் கூடையில் இருக்கின்றன.

தோற்றவரே அடுத்த ஆட்டத்துக்கு மார்க்கராக நிற்பது எங்கள் வழக்கம். அதற்கு இருபது நிமிடம் இருந்தது. ஆசிரியை தம் கழுத்துத் துண்டை எடுத்து ஒரு கெஜக் கோட்டின்மேல் விரித்துவிட்டு, என்னை ஹசார்ட் பக்கத்துக்கு அனுப்பி, ஒவ்வொரு பந்தாகப் போட்டுக் கொடுத்தார். முழங்கையை உடலோடு ஒட்டவைத்து, மட்டையின் தலை மணிக்கட்டுக்குமேல் இருக்கும்படி வெட்ட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். ஏழாவதோ எட்டாவதோ பந்து துண்டைத் தாண்டிச் சுவரோரம் விழுந்தது. அப்போது அடுத்த இருவரும் மட்டையோடு கதவருகே வந்து நின்றார்கள். நான் வலைக்கம்பத்தருகே போய் நின்று, ஹேண்டிகேப் கணக்கைப் படித்து, சர்வீஸ் யாருக்கு என்று முடிவு செய்ய மட்டையைச் சுழற்றச் சொன்னேன். முதல் சர்வீஸ் கூரையேறியது.