டெஸ்ட் பீஸில் ரிப்பேர் உண்டா?

பைப்பை 45 டிகிரி சாய்த்து, அசைக்காமல் வெல்டிங் செய்து காட்டும் 6ஜி தேர்வுக்கு எனக்கு வந்தது 6 அங்குலம், ஷெட்யூல் 80 பைப் (ஷெட்யூல் என்பது சுவரின் கனத்தைக் குறிக்கும் எண்). கனம் ஏறக்குறைய 11 மி.மீ. ரூட் எனும் அடி அடுக்கு டிக் முறையில், மேலே பூச்சுள்ள 7018 ராடு. வெளிப்பார்வைச் சோதனையில் ஒரு குறையும் சொல்லவில்லை. மாட்டியது எக்ஸ்ரேயில்.

இன்ஸ்பெக்டர் பிலிமை வியூவரில் வைத்து பேனா முனையால் காட்டினார். ரூட்டை ஒட்டி, ஓரம் கரடுமுரடாக, கறுப்பாக ஒரு கோடு. ஸ்லாக், அதாவது வெல்டுக்குள் சிக்கிய ராடு பூச்சின் கசடு, நீளம் 5 மி.மீ. வெல்டிங் தேர்வுகளுக்கான அமெரிக்க விதிநூலான ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 9 படி, 10 மி.மீ.க்கு மேல் 57 மி.மீ. வரை கனமுள்ள பைப்பில் ஸ்லாக்கின் நீளம் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. என் பைப்புக்கு மூன்றரை மி.மீ. சொச்சம். ரிஜெக்ட்.

"சார், அந்த இடத்தை மட்டும் தோண்டி அடைச்சுத் தரேனே" என்று கேட்டேன். சைட்டில் தினமும் நடப்பதுதானே.

"சைட்ல ஜாயின்ட் தேறினா போதும். இங்க நீங்க குறையில்லாம போடுவீங்களான்னு பார்க்கணும். ரிப்பேர் பண்ணி எடுத்தா அது எப்படித் தெரியும்?" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் மறுத்துப் பேச எதுவும் இல்லை.

இதே செக்‌ஷனில் முதல் புரொடக்‌ஷன் ஜாயின்ட்டையே (நிஜ வேலையில் போடும் முதல் இணைப்பை) தேர்வாக வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதில் வெல்டர் தோற்றால் ஜாயின்ட்டை ரிப்பேர் செய்வார்கள். ஆனால் செய்வது ஏற்கெனவே தேறிய இன்னொரு வெல்டர். தோற்றவர் தோற்றவர்தான்.

முடித்துக் கொடுத்த பீஸுக்குத்தான் இந்தக் கறார். வெல்டிங் நடக்கும்போது பாஸுக்குப் பாஸ், அதாவது அடுக்குக்கு அடுக்கு, சுத்தம் செய்வது வேறு கதை. வெல்டர் தேர்வுக்கான சர்வதேச விதியான ஐ.எஸ்.ஓ. 9606-1 சிறு குறைகளைக் கிரைண்ட் செய்து எடுக்கவே இடம் தருகிறது. தேர்வாளரின் சம்மதம் வேண்டும், கடைசி மேற்பரப்பைத் தொடக்கூடாது. எந்த விதிப்படி தேர்வு, கிரைண்டர் எதுவரை போகலாம் என்று ஆர்க் அடிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எனக்கு இருந்த வழிகள் இரண்டு. உடனே மறுதேர்வு என்றால் அதே பொசிஷனில் அடுத்தடுத்து இரண்டு பைப், முழுச் சுற்றும் எக்ஸ்ரே, இரண்டுமே தேற வேண்டும். அல்லது மேற்கொண்டு பயிற்சி எடுத்துவிட்டுப் புதிதாகத் தேர்வு. எஃகுக் கட்டுமான வெல்டிங்குக்கான அமெரிக்க விதி ஏ.டபிள்யூ.எஸ். டி1.1-லும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான்.

கை சூடாக இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று முதல் வழியை எடுத்தேன். ஸ்லாக் ஒளிந்தது ரூட்டுக்கு அடுத்த அடுக்கான ஹாட் பாஸின் இரு ஓரப் பள்ளங்களில். வயர் பிரஷ் அதுவரை இறங்காது. இந்த முறை மெல்லிய டிஸ்க்கை ஓரங்களில் ஓட்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகே அடுத்த ராடு. வெல்டிங் செய்முறைத் தாளான டபிள்யூ.பி.எஸ்.ஸில் பாஸ்களுக்கு இடையே கிரைண்டிங் இருந்ததால் இன்ஸ்பெக்டரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பைப் சுத்தம். இரண்டாவதில் 1 மி.மீ. அளவுக்கு ஒரு காற்றுத்துளை தெரிந்ததும் வயிற்றைக் கலக்கியது. வட்டமான குறை என்றால் கனத்தில் 20 சதவீதம் அல்லது 3 மி.மீ., எது குறைவோ அதுவரை பரவாயில்லை. என் பைப்புக்கு அந்த வரம்பு 2 மி.மீ.க்குச் சற்று மேல். இன்ஸ்பெக்டர் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.