சம்பலில் இறங்கும் தண்ணீர்

காக்கிநாடா பக்கத்துக் கழிமுகத்தில் ஒரு ஜனவரி மாதம்தான் ஸ்கிம்மர் பறவையை முதலில் பார்த்தேன். சேற்றுத் திட்டில் ஒரு கூட்டமே காற்றுக்கு முகம் கொடுத்து அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஆரஞ்சு நிறத்தில் தடித்த அலகு. மேலலகைவிடக் கீழலகு நீளம். இந்திக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்: பன்சீரா. தண்ணீரைக் கிழிப்பது என்று பொருள். அன்று அவை எதையும் கிழிக்கவில்லை, நின்றபடி ஓய்வெடுத்தன. இவை முட்டையிடும் ஆற்றுக்கு ஒருமுறை போயே ஆக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது. இந்த ஏப்ரல் நடுவில் அது கைகூடியது.

சென்னையிலிருந்து ஆக்ரா வரை ரயில், அங்கிருந்து எட்டாவாவுக்குக் கார். உத்தரப் பிரதேசத்தின் அந்தப் பக்கம் முழுக்கக் கோதுமை அறுவடை நடந்துகொண்டிருந்தது. காலை பத்து மணிக்கே வெயில் கண்ணைக் கூசியது. வேம்பு பூத்திருந்த ஒரு டீக்கடை வாசலில் நின்றபோது, எதிரே அறுத்த வயலில் இரண்டு சாரஸ் கொக்குகள் சிந்திய தானியத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இருபதடி தள்ளி ஒரு அம்மா கதிர்க்கட்டு கட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, கொக்குகளும் அவரைக் கண்டு விலகவில்லை. கிட்டத்தட்ட ஆள் உயரம், சாம்பல் உடம்பு, சிவந்த தலையும் கழுத்தும். பறக்கும் பறவைகளில் உலகிலேயே உயரமானது இதுதான். தமிழ்நாட்டில் பார்க்கக் கிடைக்காதது. புத்தகத்தில் எத்தனை படம் பார்த்திருந்தாலும், வயலில் மனிதருக்குச் சமமாக அது நிற்பதைப் பார்க்கும்போது நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுதான் போகிறது.

மாலையில் சர்சாய் நாவர் ஏரிக்குப் போனோம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2019-இல் சேர்ந்த ஏரி. ஊர்ப் பெயரிலேயே சாரஸ் இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றி நடுவில் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கும்போதுதான், சுற்று வட்டாரத்தில் ஜோடி ஜோடியாகச் சிதறிக் கிடந்த கொக்குகள் மிச்சமிருக்கும் ஈரத்தைத் தேடி ஒன்றுகூடுகின்றன. கூடு கட்டுவதெல்லாம் மழை வந்த பிறகுதான். நான் முப்பத்தேழு வரை எண்ணினேன். அப்புறம் ஒரு ஜோடி கூவத் தொடங்கியது, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஆண் கழுத்தை நேராக வானத்துக்கு நீட்டி, சிறகைச் சற்று உயர்த்தி ஒரு நீண்ட எக்காளம். அது ஒன்று கொடுத்தால் பெண் இரண்டு மூன்றாகப் பதில் கொடுக்கிறது. ஜோடியில் ஒன்று செத்தால் மற்றது சோறு தண்ணி இல்லாமல் உயிரை விட்டுவிடும் என்று கூட வந்த டிரைவர் சொன்னார். எனக்கு நம் சங்கப் பாட்டுகளின் அன்றில் நினைவுக்கு வந்தது. அது எந்தப் பறவை என்பதில் அறிஞர்களுக்குள் பேதம் உண்டு, சாரஸ் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிரிவு தாங்காத பறவை என்று ஒன்றைச் சுட்டிக்காட்டும் மனசு இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஏரிக்கு மேலே குறுக்காக மின்கம்பி போகிறது. இந்த மாவட்டங்களில் சாரஸ்களைக் கொல்பவற்றில் அந்தக் கம்பியும் ஒன்று. பெரிய உடம்பு, சட்டென்று திரும்ப முடியாது. கம்பி போகும் திசையிலேயே ஒரு ஜோடி எழும்பியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தாண்டிவிட்டன.

மறுநாள் விடிவதற்கு முன்பே சம்பல்.

மத்தியப் பிரதேசத்தில் மஹூ பக்கத்து மலையில் பிறந்து, எட்டாவா மாவட்டத்தில் யமுனையோடு சேர்கிறது இந்த ஆறு. மகாபாரதம் இதைச் சர்மண்வதி என்கிறது. ரந்திதேவன் வேள்வியில் பலியான விலங்குகளின் தோல்களிலிருந்து வழிந்து பெருகிய ஆறு என்று கதை. சபிக்கப்பட்ட ஆறு என்று பேர் வாங்கியதால் இந்தப் பக்கத்துக் கரையில் பெரிய ஊரோ கோயில் நகரமோ வரவில்லை என்பார்கள். பிறகு கரையோர மண் பள்ளத்தாக்குகளில் கொள்ளைக்காரர்கள் பதுங்கினார்கள். அந்தப் பயமும் சேர்ந்துதான் இந்தத் தண்ணீரை இன்றுவரை இவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறது. 1979-இல் இருந்து மூன்று மாநிலங்களில் நீளும் சரணாலயம்.

படகோட்டிக்கு அறுபதைத் தொடும் வயது. நான் அவரைச் சாச்சா என்றேன், அவர் என்னை பேட்டா என்றார். ஏறுவதற்கு முன் கரையோரம் ஊன்றியிருந்த ஒரு குச்சியிடம் குனிந்து விரலை வைத்து அளந்தார். "நேற்றைக்கு இன்றைக்கு மூன்று விரல் இறங்கியிருக்கிறது, பேட்டா." அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மண் கரையில் பொந்து பொந்தாகக் கூடுகள். ஒரு திட்டில் கரியால் முதலை ஒன்று மெல்லிய நீள மூக்கை மணலில் கிடத்திப் படுத்திருந்தது, அதுவும் முட்டைக்குக் காவலிருக்கும் காலம். வளைவு திரும்பியதும் சாச்சா துடுப்பை நிறுத்தினார். ஆற்றின் நடுவே தாழ்ந்த மணல் திட்டு. அதில் நாய் குரைப்பது போல ஒரு சத்தம். பன்சீராக்கள்.

நாங்கள் நெருங்கவில்லை. தொலைவிலிருந்தே தொலைநோக்கியில் பார்த்தோம். கூடென்று ஒன்றும் கிடையாது, மணலில் ஒரு குழி, அவ்வளவுதான். ஆற்று ஆலாக்களும் அதே திட்டில் அடைகாத்தன. உச்சி வெயிலில் தாய் எழுந்து போனால் சுடுமணலே முட்டையைக் கொன்றுவிடும். அதனால் ஒன்று எழுந்தால் இன்னொன்று உட்காருகிறது. போன பறவை தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து ஈரத்தோடு முட்டை மேல் அமர்கிறது. இதை நான் ஐந்து முறை பார்த்தேன். ஐந்து முறையும் புதிதாகத்தான் இருந்தது.

பிறகு ஒன்று, நான் காக்கிநாடாவில் பார்க்காததைச் செய்து காட்டியது. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, வாய் திறந்து, நீண்ட கீழலகை ஆற்றில் பதித்தபடி நேர்கோட்டில் பறந்தது. பின்னால் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. சட்டென்று தலை கீழே மடங்கியது, அலகில் மீன். குஞ்சு பொரிக்கும்போது இரண்டு அலகும் ஒரே நீளம்தானாம், வளர வளரத்தான் கீழது முந்துகிறது.

உலகில் வளர்ந்த ஸ்கிம்மர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். குச்சி விஷயத்தை அப்போதுதான் கேட்டேன். சாச்சா கையை நீட்டித் திட்டுக்கும் கரைக்கும் இடையே ஓடிய தண்ணீரைக் காட்டினார். ஆறு இறங்கினால்தான் திட்டு வெளியே வரும், பறவை முட்டையிடும். அதற்கு மேலும் இறங்கினால் திட்டு கரையோடு ஒட்டிக்கொள்ளும். நரியும் தெரு நாயும் கால் நனையாமல் நடந்து போகும், மாடுகள் மிதிக்கும். மேலே காந்தி சாகரில் தொடங்கி கோட்டா வரை நான்கு இடத்தில் ஆற்றை மறித்திருக்கிறார்கள், பாசனத்துக்கும் இழுக்கிறார்கள். அங்கிருந்து திடீரென்று திறந்துவிட்டால் முட்டைகள் அடித்துக்கொண்டு போகும். மழைக்கு முன் குஞ்சுகள் பறந்தாக வேண்டும்.

பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் இந்தப் பருவத்தில் கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள். வெயிலில் கரையில் உட்கார்ந்து நாய் விரட்டும் வேலை. அவர்களில் ஒருவர் எங்களுக்கு மண் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கும்பிட்டுத்தான் வாங்கிக் குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை, கிளம்புவதற்கு முன் மறுபடி ஆற்றுக்குப் போனேன். சாச்சா குச்சியை அளந்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார். அந்தப் பக்கத்து ஈர மணலில் ஒரு நாயின் காலடித் தடம் தண்ணீர் விளிம்பு வரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிருந்தது. நடுத்திட்டில் பன்சீராக்கள் குரைத்துக்கொண்டிருந்தன.