நடுக்கோடும் குவிமாடமும்

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நான் முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது கையில் பென்சிலோடுதான். எழுபதுகளில் சித்திரப் பாட மாஸ்டர் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய், முன்வளவில் இருத்தி, "முதல்ல நடுக்கோட்டைப் போடுங்கோ, மிச்சத்தைப் பிறகு பார்ப்பம்" என்றார். அந்த ஒரு கோட்டில்தான் எல்லாமே நின்றன: முன்னால் வீணையோடு சரஸ்வதி, பின்னால் வாசல், அதற்கு மேலே குவிமாடம். இடப்பக்கச் சிறகைச் சரியாகக் கீறிவிட்டால் வலப்பக்கம் தானாக வந்துவிடும். குவிமாடம் மட்டும் ஒருவருக்கும் லேசில் வசப்படவில்லை. வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினாலும் கட்டடம் முழுக்கக் குந்திவிட்டதுபோல் தெரியும். அவ்வளவு கணக்காக அதன் உயரத்தை வைத்திருந்தார் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். திராவிடக் கலைமரபை மனதில் வைத்து அவர் வரைந்த அந்த வெள்ளைக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது.

பக்கத்திலுள்ள கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்தது. நூலகமோ ஊரார் தங்களுக்கென்று கேட்டுக் கட்டிக்கொண்டது. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசிகசாலைதான் அதன் வித்து. பிறகு வாடகை அறைகள், நிதி திரட்டல், கத்தோலிக்கக் குருவான லோங் அடிகளாரின் ஓயாத உழைப்பு. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனிடமும் ஆலோசனை கேட்டார்கள். அதை நான் பெரிதாக மதிக்கிறேன். அழகான முகப்பைக் கட்டிவிட்டு அதற்குப் பிறகு புத்தகத்துக்கு இடம் தேடியவர்கள் அல்லர் அவர்கள். 1967இல் சிறுவர் பகுதியும் வந்தது.

உயர்தரச் சோதனைக்கு உசாத்துணைப் பகுதியில் இருந்து படித்தவர்களுக்கு அந்த உயரமான கூரையின் அருமை தெரியும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும். உள்ளே மேசையில் கையை வைத்தால் மரம் குளிர்ந்திருக்கும். கதிரையை இழுக்கும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும் என்பதால் எல்லோரும் தூக்கித்தான் வைப்போம்.

1981 மே 31 இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. படங்களில் பார்த்தேன்: சுவர்கள் நிற்கின்றன, யன்னல்களுக்கு மேலே கரி படிந்திருக்கிறது. நான் பென்சிலால் கீறிய அதே யன்னல்கள். எரிந்த பகுதியை நினைவுச் சின்னமாக விட்டு, பின்னால் புதிதாகக் கட்டும் யோசனையும் எண்பதுகளில் இருந்தது. போர் அதையும் விட்டுவைக்கவில்லை. 1998இல் தொடங்கிய மீள்கட்டுமானம் பழைய முகத்தையே திருப்பித் தந்தது. கரிச்சுவரை அப்படியே விட்டிருக்க வேண்டும், வெள்ளை அடித்தது தடயத்தை மறைத்ததுதான் என்று சொல்வோரின் வேதனை நியாயமானது. இருந்தும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பவும் வந்து இருந்து படிக்க ஒரு மண்டபம் வேண்டும் என்பதே என் பக்கம். எரிந்ததைச் சொல்லும் பொறுப்பைச் சுவரிடம் விடாமல் நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் பிள்ளைகள் சரஸ்வதிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1981இல் எடுத்த படங்களை முதலில் வீட்டில் காட்டுங்கள். பிறகு உள்ளே கூட்டிப்போய், ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, கொஞ்ச நேரம் இருத்தி வாசிக்க விடுங்கள்.